ஒற்றைக்கால் தடம்

பிற்பகல் இரண்டு மணிக்கு முதலுதவிக் குடிலின் கதவு சுவரில் மோதித் திறந்தது. உள்ளே பாய்ந்தவள் நொட்புர்கா கிர்ஷெப்னர். ஃப்ளாட்சரீட் பள்ளத்தாக்கில் அந்த முழுப் பெயரைப் பாதிரியார் மட்டும்தான் சொல்வார். மற்றவர்களுக்கு அவள் புர்கி. நான்கு மணிக்கு, ஒரே பலகையில் இரு கால்களையும் கட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்கும் பனிப்பலகை இறுதிப் பந்தயத்தில் இறங்க வேண்டிய நான்கு பெண்களில் ஒருத்தி.

"ரொமானா, பந்தயத்துலேருந்து என்னைத் தூக்கிட்டாங்க! லடீனாவோட பலகையில கால் கட்டற பட்டையை நான் அறுத்துட்டேனாம். ஒலிபெருக்கியில சொல்லிட்டான் பந்தயத்தை நடத்தற அந்த பிர்க்னர், ஐயாயிரம் பேருக்கு முன்னாடி! எங்கப்பா கீழ சாசேஜ் கடையில நிக்கிறார். அவர் காதுல விழுந்திருக்குமே!"

ரொமானா ஸ்பிஸ் கட்டுத்துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். இருபத்தெட்டு வருஷம் மலைக் காவலில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு இந்த விழாவில் முறிந்த மணிக்கட்டுகளுக்குக் கட்டுப் போடுகிறார்.

"உக்காரு. நீ அறுத்தியா?"

"ரொமானா!"

"கேட்கணும்ல. கேட்டுட்டேன். இப்பச் சொல்லு."

மூலையில் உதட்டில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்த லொயிஸ் எழுந்தேவிட்டான். ஊர் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவன், நாற்பத்தைந்து வயது. எங்கே வம்பு நடந்தாலும் மூக்கை நுழைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

புர்கி சொன்னது இதுதான். விதிப்படி நால்வரும் பன்னிரண்டு மணிக்கே தங்கள் பலகைகளை மேலே பந்தயம் தொடங்கும் கிளம்பு குடிலுக்குப் பின்னால் உள்ள மரச் சட்டத்தில் வைத்துவிட்டார்கள். விழாக்காரர்கள் கொடுத்த ஒரே மாதிரிக் கறுப்பு உறைகள். சுற்றிக் கயிறு கட்டி ஆட்களைக் கீழே அனுப்பினார்கள். பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை பனி கொட்டியது. எல்லோரும் கூடாரத்தில் மேஜை மேல் ஏறி ஆடினார்கள். ஒன்றரைக்கு லடீனா கடுஃப், அந்த ஸ்விஸ்காரி, பிர்க்னரோடு மேலே போய்ப் பார்த்தால் அவளுடைய பலகையில் காலைக் கட்டும் முன்பட்டை கத்தியால் அறுபட்டிருந்தது. பலகையில் நின்றவர்களைக் கம்பியால் மேலே இழுத்துப் போகும் இழுவை லிஃப்டின் பதிவில் ஒன்று பத்துக்குப் புர்கியின் பயண அட்டை. லிஃப்ட்காரர் பார்த்ததும் புர்கியின் ஆரஞ்சு ஜாக்கெட், தலையில் ஹெல்மெட், முகத்தில் கண்ணாடி.

"ஜாக்கெட்டைக் கழட்டி எல்லாரோடதும் கிடக்கற குவியல்ல போட்டுட்டு ஆடினேன். அட்டை அதுலதான் இருந்துச்சு. யாரு வேணா எடுத்திருக்கலாம்! இதைச் சொன்னா பிர்க்னர் என்ன சொல்றான் தெரியுமா? 'மிஸ் கிர்ஷெப்னர், நீங்க போகலாம்.' நீங்களாம்!"

லொயிஸ் அதிர்ந்துபோனான். நம் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே எல்லோரும் 'நீ'தான். மந்திரி வந்தாலும் 'நீ'தான். அந்த உயரத்தில் ஒருவன் 'நீங்க' என்றால் உன்னை மனுஷியாகவே நினைக்கவில்லை என்று அர்த்தம். முப்பது வருஷம் அந்தப் பெண்ணை எதிர்வீட்டிலிருந்து பார்த்த பிர்க்னர் பேசுகிற பேச்சா இது?

"எனக்கு வேதனை என்னன்னா," என்றாள் புர்கி, "இன்னைக்குக் காலையில லடீனாவும் நானும் ஒரே கம்பியில மேல போனோம். முகத்துக்கு முகம் பார்த்து வழி முழுக்கச் சிரிச்சுப் பேசிக்கிட்டே வந்தோம். அதே லடீனா இப்ப எல்லார் முன்னாடியும் என்னைக் கையை நீட்டிக் காட்டறா."

ரொமானா ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கோட்டை மாட்டினார்.

"நாலு மணிக்கு நீ இறங்கணும். நேரம் இருக்கு. லொயிஸ், வா."

மேலே கயிறு அப்படியே இருந்தது. பிர்க்னரும் லடீனாவும் பனிமோட்டாரில் மறுபக்கமாக வந்து போயிருந்தார்கள். லிஃப்ட் முடியும் இடத்திலிருந்து சட்டம்வரை புதுப்பனியில் ஒரே ஒரு பலகைத் தடம். அதன் ஓரமாகப் பூட்ஸ் அடிகள், ஒற்றைக் காலுடையவை.

"நொண்டிப் பேய் மாதிரி இருக்கு," என்றான் லொயிஸ்.

"பனிப்பலகைக்காரங்க யாரா இருந்தாலும் அப்படித்தான். முன்கால் பலகையில கட்டியிருக்கும். பின்காலை அவிழ்த்துத் தள்ளிக்கிட்டே வருவாங்க."

ரொமானா தம் இடது பூட்ஸை ஓர் அடிக்குப் பக்கத்தில் பதித்து எடுத்தார். இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. இருபத்தோரு அடிகளையும் பொறுமையாகப் பார்த்தார். எல்லாமே இடது.

சட்டத்தில் நான்கு உறைகள். மூன்றின் மேல் பனி கலையாமல் கிடந்தது. லடீனாவின் பலகை இருந்த மூன்றாவது உறை மட்டும் துடைக்கப்பட்டிருந்தது. தடம் எங்கும் நின்று தேடாமல் நேரே அதனிடம் போயிருந்தது.

"புர்கியோட பலகை எது?"

"நாலாவது. அவகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான், பாவம்," என்ற லொயிஸ் சட்டென்று துள்ளினான். "கண்டுபிடிச்சுட்டேன்! இறுதிப் பந்தயத்துல இருக்கற அந்த நார்வேக்காரி சிக்னெ!"

"ஒண்ணு பத்துக்கு அவ எங்க இருந்தா?"

லொயிஸ் தலையைச் சொறிந்தான். "கூடார மேடையில. என் ட்ரம்பெட்டைப் பிடுங்கி ஊதிக்கிட்டு இருந்தா. நாலாவது ஆளு, பிரெஞ்சுக்காரி மேலிஸ், பக்கத்துல நின்னு பெரிய மத்தளம் அடிச்சா. காது கிழிஞ்சுது."

கூடாரத்தில் லடீனாவைச் சுற்றி ஆறுதல் சொல்ல ஒரு கூட்டம். யாரோ வாங்கிக் கொடுத்த கைசர்ஷ்மாரன் என்ற இனிப்பு அப்பத் துண்டுகளை ப்ளம்ஸ் குழம்பில் தோய்த்து, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புர்கி பக்கத்தில் போனதும் மேஜையிலிருந்த நாலு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நேற்றுவரை அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வாய் கூசாமல் ஒருத்தன் "கத்தி பத்திரம்" என்றான்.

"மதியம் எங்க இருந்தே, லடீனா?" என்று கேட்டார் ரொமானா.

"அறையில தூங்கினேன். நல்லவேளை, ரெண்டாவது பலகை கீழ இருந்துச்சு. இல்லன்னா என் கதி?"

"நல்லவேளைதான். மூணரை மணிக்குக் கிளம்பு குடிலுக்கு வா. பிர்க்னரையும் கூப்பிட்டிருக்கேன்."

மூன்றரைக்குக் கிளம்பு குடிலுக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள். பிர்க்னர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் காலை மாற்றினார். "சீக்கிரம் முடி, ரொமானா. முடிஞ்ச விஷயம் இது."

"இருபது நிமிஷத்துல முடிச்ச விஷயம். இந்தத் தடத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன். பனிப்பலகைத் தடம். புர்கி பனிப்பலகைக்காரி."

"புர்கியோட ஒரே பலகை அந்தச் சட்டத்துல, பனிக்கடியில தூங்குது. பின்ன எதுல வந்தா?"

"யார்கிட்டயாவது இரவல் வாங்கியிருப்பா."

"சரி, இரவல்னே வச்சுக்குவோம். பதிஞ்சிருக்கிறது அத்தனையும் இடது கால். அறுத்தவங்க இடது காலால தள்ளியிருக்காங்க. இப்ப ரெண்டு பேரும் லடீனா கொண்டுவந்த இந்தப் பலகையில பத்தடி தள்ளிக் காட்டுங்க. முதல்ல புர்கி."

லடீனாவின் முகம் ஒரு நொடி இறுகியது. புர்கி பலகையைத் திருப்பி, இடது காலைக் கட்டி, வலது காலால் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். பனியில் வரிசையாக வலது பூட்ஸ்.

"நான் எதுக்கு? எனக்குத்தான் கெடுதல் செஞ்சிருக்காங்க!" என்றாள் லடீனா.

"பத்தே அடி."

லடீனா குனிந்தாள். கொஞ்சம் யோசித்து, இடது காலைப் பலகையில் கட்டினாள். வலது காலால் ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. மூன்றாவது தள்ளில் பலகை குறுக்கே திரும்பியது. உலகக் கோப்பையில் இரண்டு தடவை பரிசு மேடையேறியவள் தடாலென்று மல்லாந்து விழுந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"எழுந்திருங்க, மிஸ் கடுஃப்," என்றார் ரொமானா. அந்த 'ங்க' சுளீர் என்று விழுந்தது. "பிர்க்னர், நம்ம இழுவை லிஃப்ட்ல கம்பிக்கு ரெண்டு பேர். இடது கால் முன்னால வைக்கிறவங்க வலப்பக்கம் பார்த்து நிப்பாங்க. வலது கால்காரங்க இடப்பக்கம் பார்ப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே கால்காரங்கன்னா ஒருத்தி முதுகைத்தான் இன்னொருத்தி பார்க்க முடியும். காலையில இவங்க முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கிட்டு வந்திருக்காங்க. புர்கிக்கு இடது கால் முன்னால, இப்பப் பார்த்தே. அப்ப இவங்களுக்கு வலது. தள்ளறது இடது. நான் இடதுன்னு சொன்னதும் காலை மாத்திக் கட்டினாங்களே, தப்பு இல்லாதவங்க எதுக்கு மாத்தணும்?"

"ஆனா அது அவ பலகை! தன் பலகையைத் தானே..." என்று இழுத்தார் பிர்க்னர்.

"இன்னொண்ணு கைவசம் இருக்கும்போது ஒரு பட்டை என்ன பிரமாதம்? பனி மூடின நாலு கறுப்பு உறையில தேடாம நேரே மூணாவதுக்குப் போனது, அதை அங்க வச்ச ஆள்தான். காலையில தகுதிச் சுற்றுல புர்கி இவங்களை ஒரு வினாடி முந்தினா. கூட வர்றவளை ஓட்டத்துல ஜெயிக்க முடியலைன்னா, குவியல்லேருந்து அவ ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கிட்டுப் பேர்ல அடிக்கலாம்னு நினைச்சிருக்காங்க."

லடீனா பனியைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். "அவளுக்கு இந்த ஊரே இருக்கு," என்றாள் எரிச்சலாக. "ஒரு பந்தயம் போனா செத்தா போயிடுவா?"

"உன்னை..." என்று பாய்ந்த லொயிஸை ரொமானா காலரைப் பிடித்து நிறுத்தினார்.

இனி என்ன, பிர்க்னர் புர்கியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? வெட்கம் கெட்ட மனிதர், குரலைத் தாழ்த்தினார்.

"சரி, சரி. இது நமக்குள்ள இருக்கட்டும். விளம்பரக்காரங்க கீழ உக்காந்திருக்காங்க. லடீனாவுக்கு முதுகுவலின்னு சொல்லிடறேன். புர்கி, நீ பேசாம வந்து கிளம்பு வாசல்ல நில்லு. எல்லாம் சுபம்."

புர்கி கையிலிருந்த ஹெல்மெட்டைப் பனியில் வைத்தாள்.

"நான் இறங்கலை."

"என்ன?"

"என்னைக் கத்திக்காரின்னு ஊருக்கே சொன்னே. ஊருக்கே சொல்லு, பொய்னு. எங்கப்பாவுக்குக் கேட்கணும். இல்ல, மூணு பேர் பந்தயத்தை ரெண்டு பேரை வச்சு நடத்திக்கோ."

மூன்று ஐம்பத்தாறு. சிக்னெ தன் பலகையைக் கழற்றிவிட்டுப் புர்கியின் பக்கத்தில் வந்து நின்றாள். மேலிஸுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவளும் கழற்றினாள். கீழே கூட்டம் கால்களால் மரத்தரையைத் தட்ட ஆரம்பித்தது. பிர்க்னரின் காதுகள் சிவந்தன. ஒலிவாங்கியை எடுத்து, "ஒரு சிறு தவறு..." என்று தொடங்கினார்.

"சிறு இல்ல," என்றாள் புர்கி.

"தவறு நடந்துவிட்டது. பலகையை அறுத்தது லடீனா கடுஃப். புர்கி கிர்ஷெப்னர் மேல் ஒரு குற்றமும் இல்லை. விசாரிக்காமல் சொன்னது நான்."

கீழே எழுந்த கூச்சலில் மத்தளம்கூடக் கேட்கவில்லை.

மூவரும் இறங்கினார்கள். கடைசி வளைவுவரை புர்கிதான் முன்னால். அங்கே சிக்னெ உட்புறமாக நுழைந்து அரைப் பலகை நீளத்தில் முந்திவிட்டாள். பனிமோட்டாரில் முன்பே கீழே வந்துவிட்ட லொயிஸ் தன் தொப்பியை எறிந்து மிதித்தான்; வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுத முடியாது.

"இவ்வளவு பாடுபட்டு ரெண்டாவதா! நியாயமா இது?" என்று வேலியைத் தாண்டி ஓடிவந்தான்.

புர்கி மூச்சு வாங்கிக்கொண்டு சிக்னெயின் தோளில் கை போட்டிருந்தாள். சாசேஜ் கடையின் மேல்துணியோடு அவள் அப்பா கூட்டத்தை விலக்கி வந்துகொண்டிருந்தார்.

"நியாயம்தான் லொயிஸ்," என்றாள். "வேகமா வந்தவ ஜெயிச்சா. இதுல எனக்கு யார் மேலயும் கோபமே இல்ல."