இருபத்தாறு பானைகள்

நகரத்தில் தாமுவே பேட்டையில் இருந்த வைத்திலிங்கத்தின் மூன்றாம் மாடி வீட்டுக்குப் புஷ்பலதா மூச்சிரைக்க ஏறி வந்தாள். உட்காரச் சொன்னதைக்கூடக் கேட்காமல் விஷயத்தைக் கொட்டினாள். நகரத்தின் ஓரத்தில் ஷ்வேப்யிதாவைத் தாண்டி இருக்கும் அவர்கள் ஊரில் நூற்றிருபது வீடுகள். ஆழ்துளைக் கிணறு, மேல்தொட்டி, ஊராரே நடத்தும் தண்ணீர்க் கமிட்டி. அவள் புருஷன் செல்லக்கண்ணுதான் அங்கே மோட்டார் ஓட்டுகிறவன், குழாய் வேலையும் அவனேதான். இப்போது தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் பாதி எந்த வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. லாரிக்காரனுக்கு விற்றான் என்று கமிட்டி முடிவு கட்டிவிட்டது. இன்று மூன்று மணிக்குக் கூட்டம். வேலை போனால் மோட்டார் அறையை ஒட்டிய வீடும் போகும்.

"ஒரு சொட்டுகூட வித்திருக்க மாட்டாரு, ஊ வைத்திலிங்கம். ஆனா கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. அதுதான் பயமா இருக்கு," என்றாள், பெரியவரைப் பர்மிய மரியாதையில் 'ஊ' என்று விளித்து.

வைத்திலிங்கம் முப்பது வருஷம் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவசரம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பர்கத்துல்லா இருக்கிறாரே! கீழே கைபேசி பழுது பார்க்கும் கடை. ஊரார் தொல்லை அவருக்குத் திருவிழா. புஷ்பலதா பேசி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில், புஷ்பலதா சொன்ன கடவுச்சொல்லைப் போட்டு, செல்லக்கண்ணுவின் பெயரில் இருந்த ஸ்மார்ட் மீட்டர் கணக்கைப் பர்கத்துல்லா தம் கைபேசியில் திறந்தார். தொட்டியின் மீட்டரும் வீட்டு மீட்டர்களும் கால் மணிக்கொரு முறை அளவை அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பு. அந்த மீட்டர்கள் நன்றாகத்தான் உழைத்திருந்தன. ஊரே தூங்கும் நேரத்தில் தண்ணீர் ஓடுவதைக் காட்டிக்கொடுத்து, பழைய குழாயின் ஓட்டைகளை எல்லாம் பிடித்து அடைக்க வைத்தன. மூன்றே மாதத்தில் இழப்பு அநேகமாக ஒன்றுமில்லாமல் போயிற்று. அதன் பிறகுதான் மறுபடி ஏறத் தொடங்கியது. லாரியேதான் என்று பர்கத்துல்லா சத்தியம் செய்தார். வைத்திலிங்கம் திரையைப் பார்த்துவிட்டு, கோடு எப்படி ஏறுகிறது என்று மட்டும் கேட்டார். படிக்கட்டு மாதிரி என்றார் பர்கத்துல்லா.

ஊரில் கரண்ட் இல்லை, குழாய்களில் காற்றுதான் வந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில். பல வாசல்களில் வழிப்போக்கருக்கென்று மேடை கட்டிப் பானையும் குவளையும் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குழாய். பர்கத்துல்லா ஒன்றில் குடித்துவிட்டு, விளையாட்டாக எண்ணிக்கொண்டே நடந்தார். கமிட்டித் தலைவர் கணேஷ்குமாரின் வீடு பூட்டியிருந்தது. குடும்பமே பத்து நாளாக மாண்டலேயில், அவர் மட்டும் இன்று கூட்டத்துக்கு வருகிறார் என்றாள் புஷ்பலதா. மீட்டரிலும் பத்து நாளாகச் சுழியம். ஆனால் வாசல் பானையின் அடியில் பாசி பச்சைப் பசேலென்று ஈரமாக இருந்தது. மேலே குழாய் முழுதாகத் திறந்து கிடந்தது. வைத்திலிங்கம் பாசியைத் தொட்டுப் பார்த்து, விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கோயில் கூடத்தில் கமிட்டியார் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். கணேஷ்குமார் பயணப் பையோடு நேரே வந்திருந்தார். செல்லக்கண்ணு தூணோரம் நின்றான்.

"லாரிக்கு வித்தா தண்ணி ஒரே தடவையா மொத்தமா எறங்கி நின்னுரும்," என்றார் வைத்திலிங்கம். "குழாய் உடைஞ்சா கொஞ்சங்கொஞ்சமா பெருகும். இது படிப்படியா ஏறியிருக்கு. ஒவ்வொரு படியும் ஏறக்குறைய ஒரே அளவு. மொத்தம் இருபத்தாறு படி."

"பானையும் இருபத்தாறு," என்று முணுமுணுத்தார் பர்கத்துல்லா.

வைத்திலிங்கம் நிதானமாக விளக்கினார். தர்மத்துக்கு வைக்கும் தண்ணீரை அளந்தால் புண்ணியம் ஏது என்று ஒருவர் நினைத்தார். மீட்டருக்கு முன்னாலேயே பானைக்குத் தனிக்குழாய் போட்டுக்கொண்டார். பார்த்து அடுத்தவரும் போட்டார். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாததால் குழாயைத் திறந்தே விட்டார்கள். தண்ணீர் வந்தால் பானை ஐந்து நிமிஷத்தில் நிறையும், மிச்சமெல்லாம் சாக்கடைக்கு. ஒரு பானைதானே என்று இருபத்தாறு பேரும் நினைத்தார்கள். பத்து நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலிலும் பாசி காயவில்லை. இங்கே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கும் ஏழு பேரில் ஐந்து பேர் வாசலில் பானை இருக்கிறது.

கணேஷ்குமார் பயணப் பையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"தர்மத்தைத் திருட்டுன்னு சொல்ல முடியாது, ஊ. சரி, மீட்டருக்கு முன்னால குழாய வெட்டினது யாரு?"

"நான்தான்," என்றான் செல்லக்கண்ணு.

"யார் சொல்லி?" என்று கேட்டார் வைத்திலிங்கம்.

"வெளிய சொன்னா புண்ணியம் போயிரும்னு ஒவ்வொருத்தரும் சத்தியம் வாங்கிட்டாங்க. சொல்ல மாட்டேன்."

புஷ்பலதா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஏழு கைகளும் உயர்ந்தன, அவன் வேலை போயிற்று.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. இருபத்தாறு குழாய்களும் கொட்டத் தொடங்கின. புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, மூட்டையோடு பின்னால் வந்த புஷ்பலதா ஒவ்வொரு குழாயாக மூடிக்கொண்டே வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பர்கத்துல்லா கைபேசியைப் பார்த்தார். ஐந்தரைக்கு இழப்பு ஒன்றுமே இல்லை. ஆவலோடு அதை அவளிடம் காட்டினார். ஐந்தே முக்காலுக்கு நான்கு படி ஏறியிருந்தது. ஆறு மணிக்குப் பதினொன்று. அடுத்த கால் மணிக்குக் கணக்கே திறக்கவில்லை. செல்லக்கண்ணுவின் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.