கூனிக் கூடுகள்

சோதனைத் தட்டில் சத்தம் இல்லை. சரண்யாதேவி அதைத்தான் முதலில் கவனித்தாள். கரையில் ஒதுங்கும் பாசியைத் தின்று வாழும், குட்டி இறால் போன்ற அரிசியளவுக் கூனிகள், பகலெல்லாம் மணலுக்குள் பதுங்கிக் கிடந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மேலே வந்து கண்ணாடி மூடியில் துள்ளித் துள்ளி மோதும் ஓசை, உப்பளக் காற்றோடும் துறைமுகத்துக் கப்பல்களின் சங்கொலியோடும் கலந்து, அந்த ஆய்வுக்கூடத்தின் மூச்சாகவே அவளுக்குப் பழகியிருந்தது.

மூடியைத் திறந்தாள். பாசி தொடப்படாமல் வாடிக் கிடந்தது. தின்றால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக, மக்கும் பை என்று கடைகளில் தருகிற நீலப் பையை நறுக்கிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு துணுக்கும் மிச்சமில்லை. மணல்மேல் கூடுகள் மட்டும். வளரும்போது கூனி மேலோட்டைக் கழற்றுவது வழக்கம்தான். இவை நீலம் பாரித்து, முதுகு பிளந்து கிடந்தன. மணலைக் கிளறிப் பார்த்தாள். கழற்றிய கூனிகள் எங்கேயும் இல்லை. மூடியோ அவள் திறக்கும்வரை இறுக்கமாகத்தான் இருந்தது.

அவளோடு ஆய்வு செய்யும் ஜேசுபாதம் மணல் அள்ளக் கரைக்குப் போயிருந்தார். அவரை ஃபோனில் பிடித்தாள்.

"இங்கனயும் கூடுதான் கெடக்கு, சரண்யா. கரை பூரா," என்றார். பிறகு மூச்சு வாங்கியபடி, "காலையில முதுகு அரிக்குன்னு சொன்னேன்லா? இப்ப அரிப்பு நின்னுட்டு. தோலுதான் இறுக்குது."

அலையிரைச்சல். காய்ந்த ஓலை கிழிவதுபோல் ஒரு நீண்ட சத்தம். அப்புறம் அலை மட்டும்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் உப்பளங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு மணலில் நடந்தாள். மீன் கவிச்சி இல்லை. உருகிய பையின் நெடி. காலடியில் கூடுகள் நொறுங்கின.

நீரோரத்தில் ஜேசுபாதம் நின்றிருந்தார். கடலைப் பார்த்தபடி. அசையாமல்.

"அண்ணே..."

திரும்பவில்லை. கிட்டே போனாள். சட்டை முதுகில் கிழிந்திருந்தது. அதற்கடியில் தோலும். பிடரி முதல் இடுப்புவரை, ஒரே பிளவு. உள்ளே ஈரம். வேறொன்றும் இல்லை. அந்தப் பிளவின் வழியே, கண்கள் இருந்த துளைகளில் கடல் தெரிந்தது, நீலமாக.

காற்று அடித்தது. கூடு லேசாக ஆடி, மறுபடி நேராக நின்றது.

அதன் பின்னாலிருந்து வெறுங்கால் தடங்கள் தொடங்கின. ஈரம் காயாமல். கடலை நோக்கி அல்ல. சாலையை நோக்கி, அவளுடைய ஸ்கூட்டர் நின்ற இடத்துக்கு.