பெட்டி வழியாக

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முந்தைய அமைதியில் யாரோ இருமினார்கள்.

டக்ளஸ் மாலை வகுப்புக் கொப்பியில் எழுதினான்: "மூன்றாம் பாட்டுக்குப் பின் இடப்பக்க ஸ்பீக்கரில் இருமல். என் காதின் பிழையாகவும் இருக்கலாம்."

தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்துகொண்டே, ஹட்டனில் ரேடியோ வகுப்புக்குப் போய்க் கற்று, அவனே கட்டிய ஆம்பிளிஃபயர் அது. அதோடு சிங்கப்பூரிலிருந்து வந்த புதுப் பெட்டி ஒத்துப்போகுமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சிடியில் எண்களாக இருப்பதை இசையாக மாற்றித் தரும் பெட்டி. எண்பத்தொன்பதில் அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. ஒத்துப்போனால் அவனுக்கே.

"ஒன் ஆம்ப்புல மாட்டுனா, கிழிஞ்ச கம்பளிக்குத் தங்கப் பொத்தான் தச்ச மாதிரி இருக்கும்டா," என்று சிரித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தான் மாமன் மகன் இக்னேசியஸ்.

அதனால் டக்ளஸ் முறையாகவே சோதித்தான். ஒரே சிடி, ஒரே அளவு சத்தம். ஒரு தடவை ப்ளேயரிலிருந்து நேராக, ஒரு தடவை பெட்டி வழியாக. வெளியே மாலை மூடுபனி குவாட்டர்ஸின் சுவரோடு ஒட்டி நின்றது. தேயிலை காயும் வாசனை ஜன்னல் இடுக்கில் கசிந்தது. நேராகக் கேட்டபோது பாட்டுகளுக்கு நடுவே மெல்லிய இரைச்சல்தான் இருந்தது. பெட்டி வழியாகக் கேட்டபோதோ இரைச்சல் போய், ஒரு வெட்டவெளி திறந்தது. அங்கே ஈரச் சரளைக்கல்லில் பல கால்கள் மாற்றி மாற்றி மிதித்தன, யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், நனைந்த கம்பளி ஒன்று உதறப்பட்டது.

சிடியை வெளியே எடுத்தான். கால்கள் ஓயவில்லை.

"என்னடா, பாட்டு போடுறேன்னு பெரட்டுச் சத்தத்த வச்சிருக்க?" சமையலறையிலிருந்து அம்மா இராசம்மா கேட்டாள். "காலையில பேர் கூப்பிட நிறுத்தி வைப்பாங்களே, அப்பிடியே இருக்கு."

"ஒங்களுக்கும் கேக்குதாம்மா?"

"முப்பது வருசம் நின்னவளுக்குக் கேக்காதா?"

காதின் பிழை என்று எழுதியிருந்ததை அடித்தான். தாள் கிழிந்தது.

ஸ்பீக்கரில் கணக்கப்பிள்ளையின் குரல் எழுந்தது. காம்பரா வரிசைப்படி, லயத்தின் ஒவ்வொரு அறையாக.

"வீரய்யா."

"இருக்கேங்க."

"காளியாயி."

"இருக்கேங்க."

போன மழையில் மண் சரிந்து மூடிய, தொழிலாளர் வரிசைவீடான ஐந்தாம் லயத்து ஆட்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. ஏழாம் காம்பராவிலிருந்த அம்மா மட்டும் அன்றிரவு மகனிடம் வந்து தங்கியிருந்தாள்.

"வேலாயி."

ஸ்விட்சை அணைத்தான். குரல் நிற்கவில்லை: நான்காம் காம்பரா. பிளக்கைப் பிடுங்கினான். ஐந்தாம் காம்பரா. ஸ்பீக்கர் வயரைக் குறடால் அறுத்தான். சமையலறைக்கு ஓடினான்.

"அம்மா, ஒங்க பேரக் கூப்பிட்டா வாயத் தொறக்காதீங்க."

"சொல்லலேன்னா பேரு போட மாட்டாங்கடா, அன்னிக்குக் கூலி போயிடும்," என்றாள் அவள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

ஆறாம் காம்பரா.

அவள் வாயைப் பொத்தினான்.

"இராசம்மா."

உள்ளங்கைக்குக் கீழே உதடுகள் அசையவில்லை. இறுக மூடியே இருந்தன.

முன்னறையில் அவள் குரல் கேட்டது. தெளிவாக. மிக அருகில்.

"இருக்கேங்க."

அம்மா அப்படியே நின்றாள். கண்கள் திறந்திருந்தன.

அவன் கையில் மூச்சு படவில்லை.