பிரவுசரை மூடிட்டா போச்சு

செல்லில், செத்துப் பதினாறு நாளான புருஷன் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருப்பதாகப் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவனுடைய செல்லோ சார்ஜ் இறங்கி பீரோவுக்குள் கிடந்தது. தமிழ்ச்செல்விக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. எல்லாமே மரத்துப்போயிருந்தது.

புள்ளி எரிந்த அந்த ஆப்பை அவள் செல்லில் போட்டதே பாண்டுரங்கன்தான். உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போனாலும், மாகறலில் அம்மா வீட்டுக்குப் போனாலும், அவள் நிற்கிற இடம் அவனுக்குத் தெரிந்துவிடும். உடனே செய்தி வரும்: எங்க கீற? பதில் தாமதமானால் வீட்டுக்கு வந்ததும் அடி.

கொழுந்தன் தமிழரசனிடம் புள்ளியைக் காட்டினாள். ஏதோ கோளாறு என்று சொல்லி ஆப்பை அழித்தான். அதில் வருகிற தன் அக்கா பிள்ளைகளின் படங்களை இனி எதில் பார்ப்பது என்று கேட்டாள்.

“ஆப்புன்னா அதுவா கூப்ட்டுக்கினே கெடக்கும் அண்ணி. பிரவுசர்ல பாருங்க. மூடிட்டா போச்சு.”

சாயங்காலம் கருமாதிப் படையல். சோறு, வடை, கருவாட்டுக் குழம்பு. மாமியார் பொன்னியம்மாள் மகனுடைய செல்லைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து இலையோரம் வைத்தாள்.

“சாப்புடறப்ப போன் இல்லாம இருப்பானா எம்புள்ள? அந்த ஆப்பத் தொறந்து வையி” என்றாள் தமிழ்ச்செல்வியிடம்.

திறந்தாள். இடம், கேமரா, மைக் என்று ஒவ்வொன்றுக்கும் அது மறுபடி அனுமதி கேட்டது. எதையும் அழுத்தாமல் செல்லை இலையோரம் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். செத்தவன் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அதுவரை யாரும் பேசக் கூடாது. கதவிடுக்கு வழியாகக் கற்பூரப் புகையும் கருவாட்டு வாசனையும் கலந்து வர, ஏரிப் பக்கம் தவளைகள் கத்துவதைக் கேட்டபடி வாசலில் எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள்.

புள்ளி அணைந்துவிட்டதா என்று பார்க்கத் தன் செல்லில் பிரவுசரைத் திறந்தாள்.

பாண்டுரங்கன் நேரலையில் இருக்கிறார். பார்ப்பவர் ஒருவர்.

அனுமதியை யார் அழுத்தியது?

படத்தில் கூரை ஓடு. விளக்கின் மஞ்சள். மெல்லுகிற சத்தம். அதே சத்தம் கதவுக்குப் பின்னாலும்.

படம் ஆடியது. மேலே எழும்பியது. கதவின் உள்பக்கத்தைக் காட்டியது. கிட்டே வந்தது.

எங்க கீற?

பிரவுசரை மூடினாள்.

தட்டுவதற்காகத் தமிழரசன் கையைத் தூக்கினான். அதற்குள் உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது.

“வந்துட்டான்” என்றாள் பொன்னியம்மாள். முகமெல்லாம் சிரிப்பாக, தாழ்ப்பாளில் கை வைத்தாள்.