பிந்தி வந்த முறுவல்

சுடர்விழியின் புன்னகை தாமதமாக வந்ததால் அவளுடைய கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது.

"முக்கால் நொடி ஆயிருக்குங்க. அரை நொடிக்குள்ள வரோணும்," என்றாள் முறுவல் நிலையத்தின் ஆய்வாளர் வசுமதி.

கோவையில் இப்போது முறுவல் சான்றிதழ் இல்லாமல் எந்த மண்டபமும் தேதி தராது. மணமக்களைத் தனித்தனியே காந்தக் குகை என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, கன்னத்தில் தசையுணரியை ஒட்டி, திரையில் மற்றவரின் முகத்தைக் காட்டுவார்கள். பிடித்த முகமென்றால் யோசிப்பதற்குள் கன்னத்தசை துள்ளிவிடும். பிந்தி வருவது மூளை தயாரித்து அனுப்பும் மரியாதைச் சிரிப்பு. குகை எடுக்கும் மூளைப்படத்தில் இரண்டும் பிரிந்து தெரியும்.

மாப்பிள்ளை பிரகதீஷ் அமர்க்களமாகத் தேறிவிட்டான். படம் வந்ததுமே அவன் கன்னம் துள்ளியிருந்தது. மூன்று வருடமாக அவனையே நினைத்திருந்த சுடர்விழிக்கு, தன் கன்னமே தன்னைக் கவிழ்த்துவிட்டதே என்று அழுகை வந்தது. அழவும் பயமாக இருந்தது, அதையும் அளந்து தொலைப்பார்களோ என்று.

கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். "என்ற கண்ணாடி எங்கீங்க?"

"தட்டுல இருக்குதுங்க. உலோகம் குகைக்குள்ள ஆகாதுன்னு எல்லாருக்கும் கழட்டிருவோம்."

சுடர்விழி சட்டென்று நிமிர்ந்தாள். "அது இல்லாம எனக்கு என்ற விரலே தெரியாதுங்க! அவர் மொகம்னு கண்டுபிடிக்கவே நேரமாயிருச்சு!"

வசுமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. பிளாஸ்டிக் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி மறுபடி உள்ளே அனுப்பினாள். படம் வந்தது, கன்னம் துள்ளியது. கால் நொடிகூட ஆகவில்லை.

அப்பாடா! சுடர்விழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெளியே ஓடிவந்து பிரகதீஷ் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவன் தன் சோடாபுட்டிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, உங்களுக்கும் கழட்டுனாங்களா?"

"ஆமா."

"அப்பறம் என்ற மொகம் எப்படித் தெரிஞ்சுது?"

பிரகதீஷ் நெளிந்தான். "எங்க தெரிஞ்சுது? வெள்ளையா என்னமோ வந்துச்சு. வேற யாரு வரப்போறா, நீதான்னு சிரிச்சுட்டேன்."

சுடர்விழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போதும், இவன் போதும் என்றிருந்தது.

சான்றிதழ்களோடு வாசலில் நின்று இதைக் கேட்ட வசுமதி மட்டும் சிரிக்கவில்லை. நிலையத்தின் முதல் ஜோடி அவளும் அவள் கணவரும்தான். அவருக்கும் சோடாபுட்டிதான். அவருடைய முறுவல் வேகத்தை இன்றுவரை யாரும் முறியடித்ததில்லை.