கேட்பு மணியின் தரம்

காலை பத்து மணிக்குள் இரண்டு வாள், ஒரு பறக்கும் பாய், செத்தவனை எழுப்பும் கஷாயம் ஒன்று, எல்லாவற்றுக்கும் தரம் போட்டு முடித்துவிட்டேன். வாளெல்லாம் ஒரு வேலையா? எடைப்பொறி இருக்கிறது. லட்சம் ஆட்டங்களைத் தனக்குள்ளேயே ஆடிப் பார்த்து, இருபதுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். பத்துக்குள் வந்தால் அந்த மந்திரப் பொருளை நாட்டில் எந்த மேசையிலும் வைத்து ஆடலாம். பத்தைத் தாண்டினால் முத்திரை வைத்துப் பூட்டிவிடுவோம். தூத்துக்குடியில் பதினெட்டு வருஷமாக இந்த ஸ்டெல்லாவுக்கு இதுதான் பிழைப்பு.

விளையாட்டுக்கு இத்தனை கெடுபிடியா என்று கேட்பவர்கள் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். எல்லார் கழுத்திலும் துணைவாய் என்ற கருவி ஏறிய பிறகு யார் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்கிறார்கள்? இரண்டு சொல் ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அது ஊகித்து நம் குரலிலேயே முடித்துவைக்கும். பேச்சு மளமளவென்று ஓடியது, நாக்குத்தான் வேலை மறந்துபோனது. அதனால் வந்ததுதான் மேசைச் சட்டம். வாரம் இரண்டு மணி நேரம் துணைவாயைக் கழற்றிவிட்டு, நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையாட்டம் ஆடியே ஆக வேண்டும். வீரன், சூனியக்காரி, கப்பல் தலைவன் என்று ஆளுக்கொரு வேஷம். மந்திரப் பொருளை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம், தரம் மட்டும் நாங்கள் போடுவோம்.

அன்று வந்தவள் பெயர் செல்வக்கனி. முப்பத்தைந்து வயதிருக்கும். கூடவே அவள் கணவர் ஜெபராஜ், துறைமுகத்தில் பளுதூக்கி மெக்கானிக். மனிதர் வாய் மூடவே மாட்டார் போலிருந்தது.

"அடுத்த வாரம் தென்துருவக் குடியிருப்புக்குக் கெளம்புதோம் மேடம். பதினஞ்சு வருஷ ஒப்பந்தம். ரெண்டு பேரும் சம்மதம் சொல்லியாச்சு. அதுக்குள்ள இவளுக்கு இந்த மணிக்குத் தரம் வாங்கணுமாம். வீட்டு மேசையில வச்சு ஒரே ஒரு தடவை ஆடணுமாம்."

செல்வக்கனி சின்னப் பித்தளை மணி ஒன்றையும் அதற்கான அட்டையையும் என் முன்னால் வைத்தாள். அட்டையில் இரண்டே வரி: "கேட்பு மணி. அடித்தவர் பேசி முடித்து மணியைக் கவிழ்க்கும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவர் வேஷம் அங்கேயே செத்துப்போகும்."

எடைப்பொறி கொடுத்த தரம் இரண்டு. ஆட்டத்தில் எதிரியாக வரும் பூதத்துக்கு ஒரு கீறல்கூட விழாத பொருளாயிற்றே! ஆனால் ஆயுதம் அல்லாத எதையும் உயிருள்ள மனிதர்களோடு ஆடிப் பார்க்காமல் நான் விடுவதில்லை. பட்ட பாடு அப்படி. பத்து வருஷத்துக்கு முன்னால் எந்தப் பூட்டையும் திறக்கும் சாவி ஒன்றுக்கு மூன்று போட்டு அனுப்பினேன். ஊரெல்லாம் திருடன் வேஷம் கட்டியவர்களுக்கு வேலையில்லாமல் போய், ஒவ்வொருவராக மேசையை விட்டு எழுந்துபோனார்கள். மடச்சி, பூதத்தைப் பார்த்தேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்கவில்லை. ஒரு பொருளின் வலிமை அது எதிரியை என்ன செய்கிறது என்பதில் இல்லை. கூட ஆடுகிறவனிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

சோதனை அறையில் துணைவாயைக் கழற்றியதும்தான் விஷயம் புரிந்தது. செல்வக்கனிக்குத் திக்குவாய்.

"மே... மேடம், ப... பத்து..."

"பத்துக்குள்ள போடுங்கன்னு சொல்லுதா மேடம்" என்று ஜெபராஜ் முடித்தார். எரிச்சலே இல்லை, அத்தனை பிரியமாக முடித்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாம். வெளியில் துணைவாய், மேசையில் இவர்.

நாலாவது ஆளாக எங்கள் அலுவலக முத்துப்பாண்டியைக் கூப்பிட்டேன். எந்தப் பொருளையும் எப்படியெல்லாம் தப்பாகப் பயன்படுத்தலாமோ அப்படியெல்லாம் பயன்படுத்திக் காட்டத்தான் அவருக்குச் சம்பளம். நான் ஆட்டத்தை நடத்தினேன். மணியை முதலில் அவரிடம் கொடுத்தேன். அடித்தாரே பார்க்கணும்! தன் வீரனுடைய மீசையைப் பற்றிப் பதினோரு நிமிஷம் பேசினார். பூதம் பாட்டுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது, அது பாய்கிறது என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. ஜெபராஜ் நாற்காலியில் நெளிந்தார். செல்வக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். பதினாறு, என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது அவள் முறை. கதையில் தீவு மூழ்கிக்கொண்டிருந்தது. சூனியக்காரி செல்வக்கனி, கப்பல் தலைவன் ஜெபராஜ். தான் ஆறு வருஷமாகக் கட்டும் வேஷம் என்று அரைமணி நேரத்தில் நாலு தடவை சொல்லியிருந்தார்.

"எல்லாரும் ஏறியாச்சா? சூனியக்காரி, வா, கெளம்புதோம்!"

செல்வக்கனி மணியை அடித்தாள்.

"நா... நா..."

ஜெபராஜின் உதடு அசைந்தது. வேஷம் செத்துவிடுமே என்ற பயத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐயோ, அந்த நேரம் எவ்வளவு நீளம்! எனக்கே நாக்கு துறுதுறுத்தது, ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று.

"நா... நான் தீ... தீவுலயே இருக்கேன்."

முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் மணியை அவள் கவிழ்க்கவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ஆ... ஆட்டத்துல மட்டும் இல்ல. தெ... தென்துருவம் எனக்கு வே... வேண்டாங்க. அன்னைக்கு ஒப்பந்த ஆ... ஆபீசர் கேட்டப்ப, அங்க போ... போறதுன்னா எனக்குன்னு ஆ... ஆரம்பிச்சேன். ப... பயமா இருக்குன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள து... துணைவாய் சந்தோஷம்னு முடிச்சிருச்சு. நீங்க கை... கைதட்டுனீங்க."

மணி கவிழ்ந்தது. இனி யாரும் பேசலாம். ஜெபராஜ் வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

தரம் எழுத அட்டையை எடுத்தபோது முத்துப்பாண்டி என் பக்கம் குனிந்தார். "ஒம்பது போட்டுருங்கம்மா. பாவம், யாருக்குத் தெரியப்போவுது?"

போடலாம்தான். ஆனால் ஒன்பது போட்டால் மணி நாடு முழுக்கப் போகும். எங்கோ ஒரு மேசையில் ஒரு வாயாடி அதை அடித்துவிட்டு மீசைக்கதை பேசுவான், எதிரே இன்னொரு செல்வக்கனி தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். பதினாறு என்று எழுதி முத்திரை வைத்தேன். மேல்முறையீட்டுக்கு மூன்று மாசம் ஆகும். அவளிடம் நானே சொன்னேன்.

"மன்னிச்சுக்கோம்மா. பதினெட்டு வருஷத்துல நான் பார்த்ததுலயே பலமான பொருள் இதுதான். வெளிய விட முடியாது."

அவள் மணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தினாள். கண் கலங்கியிருந்தது.

ஜெபராஜ் அப்போதுதான் வாயிலிருந்து கையை எடுத்தார். பேசிப் பேசியே பழகிய மனிதர், சொற்களைத் தேடினார்.

"கனி, பயணத்தை நிறுத்திருதேன். இப்பவே போய் எழுதிக் கொடுத்திருதேன். அது போகட்டும். இத்தன வருஷமா நீ ஆரம்பிச்சதை எல்லாம் நானும்தானே முடிச்சு வச்சேன். அதுல எவ்வளவு சரி?"

அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மணி என் இழுப்பறைக்குள் போய்விட்டது, இனி அவர் பேசினால் ஒரு வேஷமும் சாகாது. ஆனாலும் அவர் பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"ப... ப... பாதி" என்றாள், சிரித்துவிட்டாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தப் பாதி?"

அவள் பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள்.

"சொ... சொல்றேன். உ... உக்காருங்க."