காலி இடத்தில் ஒரு பை

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் அம்மாவும் மகளும் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தார்கள். அம்மா புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர். மகள் எட்டாம் வகுப்பு. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பெரிய பள்ளி. நுழைவுத் தேர்வு, சிபாரிசு என்ற பேச்சே கிடையாது. "யார் வந்து நின்னாலும் இடமில்லன்னு சொல்ற பழக்கம் இங்க இல்ல," என்று தலைமையாசிரியை பெருமையாகச் சொன்னார்.

படியேறும்போது டீச்சர் மகளை நிறுத்தினாள். "மத்த பிள்ளைங்க முன்னால என்னை மிஸ்னுதான் கூப்பிடணும். நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கிறப்ப அம்மா. சரியா?"

"சரிங்க மிஸ்," என்று கிண்டலாகச் சிரித்தாள் சிட்டு.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பழைய பள்ளியில் பிள்ளைகள் கூடிப் பேசிக்கொண்டு இவளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். இங்கே ஒரே ஒரு சிநேகிதி கிடைத்தால் போதும் என்பதுதான் டீச்சரின் வேண்டுதல். அதற்காகத்தான் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

எட்டாம் வகுப்பில் பெஞ்சுக்கு இரண்டு பேர். சிட்டு மட்டும் கடைசியில், ஜன்னலோரம் தனியாக இருந்தாள். அவள் பக்கத்தில் புடைத்த நீலப் பை ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மற்றவர்களின் பைகள் எல்லாம் காலடியில்.

"யாருது அது?" என்று கேட்டாள் டீச்சர்.

நெட்டையாக வளர்ந்த பையன் ஒருவன் எழுந்தான். அவன்தான் வகுப்புத் தலைவன். "என்னுது மிஸ்."

"உன் பை அங்க என்ன பண்ணுது? யாருக்கு இடம் பிடிச்சு வச்சிருக்க?"

ஒரு பிள்ளை கூடச் சிரிக்கவில்லை. அதுதான் டீச்சருக்கு உறுத்தியது. எட்டாம் வகுப்பு சிரிக்காமல் இருந்தால் ஏதோ விஷமம் நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் வேறு பை. இடைவேளையில் ஒரு பெண் தன் பையை எடுக்கப் போனால், அதற்குள் ஒரு பையன் ஓடிவந்து தன்னுடையதை வைப்பான். ஆணென்ன, பெண்ணென்ன, முறை போட்டுச் செய்தார்கள். நடுவில் கண்ஜாடை, குசுகுசுப்பு. தன் மகள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று இவ்வளவு கட்டுப்பாடா! டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

மறுநாள் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

"இனிமே எவன் பையும் பெஞ்சு மேல ஏறக் கூடாது."

பையைத் தன் கையாலேயே தூக்கித் தரையில் போட்டாள்.

நெட்டையன் முகம் வெளிறிப்போய் எழுந்தான். "மிஸ், காலியா விடாதீங்க மிஸ். வேற ஏதாச்சும் வைங்க."

"என் காதுல பூச் சுத்தாத. உக்காரு!"

உட்கார்ந்தான். வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. ஜன்னல் மூடியிருந்தும் நனைந்த கம்பளியின் வாடை எங்கிருந்தோ வந்தது. சரி, மழைக்காலம்தானே என்று டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

கணக்கை எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது சிட்டு சற்று நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

புத்தகம் மேசையின் நடுவில் இருந்தது.

பக்கத்தில் இருப்பவள் புத்தகம் கொண்டுவராவிட்டால் வைப்போமே, அப்படி.

"சிட்டு, புத்தகத்த நேரா வை."

"நேரா வச்சா அவளுக்குத் தெரியாது மிஸ்," என்றாள் சிட்டு. சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சர் ஏங்கிக் கிடந்த அதே சிரிப்பு.

மகளும் இவர்களோடு கூட்டா? எல்லோரும் சேர்ந்து தனக்கு ஆட்டம் காட்டுகிறார்களா? பெஞ்சுக்குப் போய்க் காலி இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

பலகை ஈரமாக இருந்தது.

மணி அடித்ததும் நெட்டையனை நடைக்கூடத்தில் மடக்கினாள். "உண்மையச் சொல்லு. என்ன நாடகம் இது?"

அவன் தரையைப் பார்த்தபடி பேசினான். "நாங்க எப்படி மாறி உக்காந்தாலும் ஒரு இடம் மிஞ்சும் மிஸ். அத காலியா விட்டா வந்துரும். அதான் உங்க பொண்ணுக்காக எல்லாரும் மாத்தி மாத்திப் பை வச்சோம்."

"எது வந்துரும்?"

"தெரியாது மிஸ். போன வருஷம் எங்க அக்கா பக்கத்துல வந்துச்சு."

"அக்கா இப்ப எங்க?"

"வீட்டுலதான். நாள் பூரா பேசிக்கிட்டே இருக்கா." வகுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "எங்ககிட்ட இல்ல."

"இப்பவே பைய எடுத்து வை! ஓடு!"

"உக்காந்தாச்சு மிஸ். உக்காந்தவங்கள எப்படி எழுப்புறது?"

தன் மகளுக்குக் காவல் நின்ற பிள்ளைகளையா சந்தேகப்பட்டோம்! வகுப்புக்குள் பாய்ந்து சிட்டுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். தலைமையாசிரியை கூப்பிட்டது காதில் விழவில்லை. இனி இந்தப் பள்ளியும் வேண்டாம், வேலையும் வேண்டாம். மழையில் நனைந்தபடி வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் போட்டாள். சாப்பாட்டு மேசையருகே மூன்று நாற்காலிகள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தன. ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் எறிந்தாள். ஒன்றில் சிட்டுவை உட்கார வைத்தாள். மற்றதை இழுத்து அவளோடு ஒட்டிப்போட்டுத் தானே உட்கார்ந்தாள். காலி இடம் என்று ஒரு பொட்டுகூட இல்லை.

அப்பாடா என்று மகளின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். "இனிமே அங்க போக வேணாம்டா கண்ணு. நீயும் நானும் போதும். பசிக்குதா?"

சிட்டு தலையசைத்தாள். கண் மட்டும் அம்மாவின் தோளுக்குப் பின்னால் இருந்தது.

"பசிக்குது மிஸ்."

துண்டு டீச்சரின் கையிலேயே நின்றுவிட்டது.

"வீட்டுல எதுக்குடி மிஸ்ஸு? அம்மான்னு கூப்பிடு."

"நீங்கதானே சொன்னீங்க," என்று சிட்டு ரகசியமாகச் சொன்னாள். "மத்த பிள்ளைங்க முன்னால அம்மான்னு கூப்பிடக் கூடாதுன்னு."